ஒற்றைப் பொட்டு விழுந்த அட்டை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வாங்கி வந்த ஸ்டிக்கர் பொட்டெல்லாம் தீர்ந்தது. பல்கலைக்கழகம் புதிதாகத் திறக்கப்போகும் மின் களஞ்சியத்தில் யாருக்கு என்ன வசதி வேண்டும் என்று கேட்டு, ஒவ்வொன்றையும் அட்டையில் எழுதி நூலகச் சுவரில் ஒட்டியிருந்தேன். வேண்டிய அட்டையில் ஆளுக்கு ஒரு பொட்டு வைக்க வேண்டும். துறைத்தலைவர்கள் முதலில் எழுந்து வைத்தார்கள். அவர்கள் வைத்த இடத்திலேயே மாணவர்களும் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். கருத்துக் கேட்கும் லட்சணம் இது! ‘என் கட்டுரையை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்ட வேண்டும்’ என்ற அட்டைக்கு அம்மை போட்டதுபோல் பொட்டு.

மூலையில் ஓர் அட்டை: ‘பேசியவர் கேட்டால் அவர் ஒலிப்பதிவை மூட வேண்டும்.’ கரும்பு வெட்டுகிறவர்களிடம் பேசிப் பதிவு செய்துவரும் ஆய்வாளர் மகபூப் நதாஃப் எழுதியது. ஒரே பொட்டு. அதுவும் அவரே வைத்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

மென்பொருள் எழுதும் சங்கமேஷோடு சண்டை.

“ஒருத்தர் கேட்டதுக்கெல்லாம் கோடு எழுதிட்டு உக்காந்தா, திறப்பு விழா நம்ம ரிட்டயர்மெண்ட் அன்னிக்குத்தான் அக்கா.”

“அவருக்கு அது உயிர்ப் பிரச்சனைடா.”

“அடுத்த வருஷம் பார்ப்போம். களஞ்சியம்னா உள்ள ஏத்தினதை மறுபடி எடுக்கவோ மூடவோ கூடாதுன்னு பாடம் எடுத்ததே நீங்கதானே?”

ஆமாம், எடுத்தேன். அட்டையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினேன். நதாஃபிடம், பதிவை மூடும் பூட்டு வரும் வரை எல்லாம் களஞ்சிய இயக்குநர் அலமாரியில் பத்திரமாக இருக்கும் என்று சொல்லி வாங்கி வைத்தோம்.

செப்டம்பர் 4, வியாழன்

இயக்குநர் தேசாயி சார் கத்தல். “துணைவேந்தர் வந்து பொத்தானை அமுக்கறப்போ காலி அலமாரியையா காட்டப் போறீங்க? இருக்கறதையெல்லாம் ஏத்துங்க!” பழைய ஆய்வேடுகளைச் சொல்கிறார் என்று நினைத்தேன். விழா 22ஆம் தேதி.

செப்டம்பர் 16, செவ்வாய்

சிவனே!

காலையில் நதாஃப் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். கோகாக் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரைப் போனில் தேடியிருக்கிறார். நம் களஞ்சியத்தின் சோதனைத் தளம் வந்து நிற்கிறது. அதில் அவரிடம் பேசிய கரும்பு வெட்டும் நீலவ்வாவின் குரல். பெயர், ஊர், எல்லாம். வெட்டுக்கு ஆள் கூட்டிப்போகும் பீமப்பா மேஸ்திரி அவள் புருஷனை ராத்திரி முழுக்கக் கொட்டகையில் அடைத்து அடித்ததை அவளே சொல்கிற பதிவு.

“தீபாவளி முடிஞ்சா அதே மேஸ்திரி டிராக்டர்லதான் அவங்க கரும்பு வெட்டப் போகணும் மேடம். வயக்காட்டு நடுவுல குடிசை. அங்க என்ன செஞ்சாலும் கேக்க நாதி கிடையாது. அவன் காதுக்குப் போச்சுன்னா...”

தேசாயி சார் சொன்னார் என்று சங்கமேஷ் அலமாரியில் இருந்ததையும் சேர்த்து ஏற்றியிருக்கிறான். தளம் ஊருக்கே திறந்து கிடந்திருக்கிறது. இதை மட்டும் மூடு என்றேன். “ஒண்ண மட்டும் மூட வழி வைக்கலையே அக்கா. மூடினா முழுக்கடையும்தான்.” தேசாயி சாரோ, விழா முடியட்டும், யார் கேட்கப் போகிறார்கள் என்றார்.

கடையை நான்தான் மூடினேன். என் கடவுச்சொல், என் விரல். வேலை போனால் போகட்டும்.

மூடும் முன் கண்ணில் பட்டது — எல்லோரும் பொட்டு வைத்துக் கேட்டு வாங்கிய அந்த எண்ணிக்கை. ‘கேட்டவர்கள்: 2.’ ஒன்று நதாஃப். இன்னொன்று யார்?

“எங்கேர்ந்துன்னு பார்க்க முடியாதா?”

“சோதனைத் தளத்துல அதெல்லாம் பதியாது அக்கா.” என் முகத்தைப் பார்க்கவில்லை அவன். பயந்திருக்கிறான் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 17, புதன்

விழா தள்ளிப் போடப்பட்டது. எனக்கு விளக்கம் கேட்டு ஓலை. யார் அந்த இன்னொருவர்?

செப்டம்பர் 20, சனி

நதாஃபோடு நீலவ்வா வீட்டுக்குப் போனேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். சொன்னதும் கை நின்றது.

“பூட்டி வெச்சிருக்கேன்னு சொன்னியே தம்பி!” நதாஃப் அழுதுவிட்டார்.

என்னிடம் திரும்பினாள். “படிச்சவங்க வீட்டுக்குப் பூட்டே கிடையாதா?”

அந்த அட்டையைக் கொண்டுபோயிருந்தேன். இதைத்தான் இப்போது செய்கிறோம் அவ்வா, இதற்குத்தான் ஒரே பொட்டு விழுந்தது என்று நடந்ததைச் சொன்னேன். அட்டையை வாங்கிப் பார்த்தாள். எழுந்துபோய், கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த பொட்டு ஒன்றைப் பிய்த்து வந்து அட்டையில் அழுத்தினாள்.

“கேட்டது யாருன்னு தெரியாம நான் டிராக்டர் ஏற மாட்டேன். ஏறலைன்னா வருஷம் பூரா அடுப்பு எரியாது. கண்டுபிடிச்சுச் சொல்லு.”

அக்டோபர் 3, வெள்ளி

தசரா விடுமுறையிலும் சங்கமேஷ் வீட்டுக்குப் போகவில்லை. தாடி வளர்ந்து கிடக்கிறது. பூட்டு தயார். இத்தனை வேகம் எங்கிருந்து வந்தது இவனுக்கு?

அக்டோபர் 11, சனி

ஒன்றும் தெரியவில்லை. தூக்கம் இல்லை.

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளி முடிந்தது. நாளை டிராக்டர் கிளம்புகிறதாம். நீலவ்வா இன்னும் மூட்டை கட்டவில்லை என்று நதாஃப் சொன்னார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சங்கமேஷ் நிற்கிறான்.

“நான்தான் அக்கா.”

“என்ன நீ?”

“அந்த இன்னொரு ஆள். ஏத்தினதும் சரியா ஓடுதான்னு பார்க்கப் போட்டேன். நிறுத்த முடியல. முழுசா கேட்டேன். கேட்டுட்டும் தளத்தை மூடாம விட்டேன்.”

அடப்பாவி! அறைந்திருப்பேன். ஒரு மாதத்துக்கு மேல் ஒருத்தி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இவன் கோடு எழுதினானாம் கோடு! என்னிடம் சொல்லாதே, அவளிடம் சொல் என்று எண்ணைப் போட்டுக் கையில் கொடுத்தேன். ஸ்பீக்கரில் வைத்துச் சொன்னான்.

நீலவ்வா கேட்டாள்: “முழுசாவா கேட்டே?”

“ஆமா அவ்வா.”

“அப்ப நீயே சொல்லு. நான் சொன்னதுல ஏதாவது பொய் இருக்கா?”

“இல்ல அவ்வா.”

“சரி. மூடி வை. மூட்டை கட்டணும் எனக்கு.”

அக்டோபர் 27, திங்கள்

திறப்பு விழா நடந்தது. சங்கமேஷ் எழுதிய பூட்டைத் தேசாயி சார் தம் யோசனை என்றே துணைவேந்தரிடம் காட்டினார். சுவரைச் சுத்தம் செய்து அட்டைகளை எடுத்துவிட்டார்கள். ஒன்று மட்டும் என் மேசையில் இருக்கிறது. நீலவ்வாவின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ‘இவர் திரும்பி வந்து சொல்லும்வரை இது மூடியிருக்கும்.’ நான் எழுதிக் கொடுத்த ‘பேசியவர் கேட்டபடி மூடப்பட்டது’ என்ற வாசகம் இது இல்லை. சங்கமேஷ் மாற்றியிருக்கிறான், நான் அதை அப்படியே விட்டுவிட்டேன்.