மிட்டாய்த் தெருவில் இரண்டு சேகர்

என்னங்க,

கூப்பிட்டுப் பழகிய வாய். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

நீங்கள் போய் ஒன்றரை மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், துணி துவைத்துக் காயப்போடுகிறேன். யாராவது விசாரித்தால், "ஆமாங்க, மாரடைப்புதான்" என்று வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொல்கிறேன். ஆனால் உங்களை எடுத்த அன்று நடந்த கூத்தை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் இருந்திருந்தால் டிப்போ முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

உங்கள் தம்பி குமார்தான் எல்லாருக்கும் வாட்ஸப்பில் செய்தி அனுப்பினான். முகவரி என்று "மிட்டாய்த் தெரு, ஆரணி" என்று போட்டுவிட்டான். அவனைக் குறை சொல்லி என்ன? பிறந்ததிலிருந்து அவன் வாயில் அந்தப் பேர்தான்.

கல்யாணமாகி வந்த புதிதில் நீங்கள்தான் எனக்கு இந்தத் தெருவின் கதையைச் சொன்னீர்கள். ஒரு காலத்தில் இங்கே நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று இருந்ததாம். உருது பேசுகிறவர்கள் 'மீட்டா பானி கல்லி' என்றார்களாம், தித்திப்பான தண்ணீர்ச் சந்து என்று. நம் ஆட்கள் காதில் அது மிட்டாயாக விழுந்தது. தெலுங்குக்காரர்கள் 'மஞ்சி நீள்ள வீதி' என்றார்கள், அதுவும் நல்ல தண்ணீர்தான். அது மஞ்சத் தெரு ஆகிவிட்டது. நகராட்சிக் கணக்கில் நல்லதண்ணீர்க் கிணற்றுத் தெரு. இப்போது கிணறும் இல்லை, மிட்டாயும் இல்லை, மஞ்சளும் இல்லை. "மூணு பேருக்கும் தண்ணி ஒண்ணுதான், பேருலதான் சண்டை" என்பீர்கள்.

கஷ்டம் என்னவென்றால், பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே மிட்டாய்க் கடைகள் உள்ள ஒரு மிட்டாய்த் தெரு இருக்கிறது. அங்கேயும் ஒரு சேகர் இருக்கிறார். பட்டுக்குச் சாயம் போடுகிறவர்.

உங்கள் டிரைவர் தாஸ் அண்ணன் டிப்போ ஆட்களைக் கூட்டிக்கொண்டு, ஆள் உயர ரோஜா மாலையோடு நேராக அங்கேதான் போயிருக்கிறார். அவர் டிரைவர், நீங்கள் கண்டக்டர் என்று இத்தனை வருஷம் ஒரே பஸ்ஸில் ஓடினீர்கள். டிப்போ வாசலிலேயே பிரிந்து போகிற பழக்கம், வீட்டுக்கு அவர் வந்ததே இல்லை. அங்கே பந்தல் இல்லை, மேளம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் கொண்டுவரவில்லை போல என்று நினைத்துக்கொண்டாராம். கதவைத் திறந்த வீட்டம்மாவைப் பார்த்ததும் இவருக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

"எங்க சேகரு இப்டி பாதியில உட்டுட்டுப் பூட்டானேம்மா!"

அந்தம்மா அலறிய அலறல் தெருவுக்கே கேட்டதாம். "அய்யய்யோ! எம் புருசன் உள்ள இட்லி துன்னுகினு இருக்காரு! யார்யா நீங்க?"

சாயக்கார சேகர் இட்லிக் கையோடு வெளியே வந்து, தன் வாசலில் மாலையைப் பார்த்தபடி நின்றிருக்கிறார்.

குமாருக்கு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான். "தம்பி, மிட்டாய்த் தெருவுலதான் நிக்கிறேன். இங்க இருக்கிற சேகரு உயிரோட இருக்காருப்பா" என்றார் தாஸ் அண்ணன். "மஞ்சத் தெருன்னு கேளுண்ணா" என்றான் குமார். "நல்லதண்ணிக் கெணத்துத் தெருன்னு சொல்லு" என்றாள் பக்கத்து வீட்டு ரமணம்மா. எதிர்வீட்டு கமால் பாய் போனைப் பிடுங்கி, "மீட்டா பானி கல்லின்னு கேளுப்பா, ஜல்தி வா" என்றார்.

"ஏம்பா, இதுல எந்தத் தெருவுக்குத்தான் நான் வர்றது?"

பந்தலில் யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஐஸ் பெட்டியின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ராவு காலம் வந்துடும், எடுத்துடலாம்" என்றார் உங்கள் பெரியப்பா. அன்று காலையிலிருந்து நான் பேசிய முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது. "தாஸ் அண்ணன் வரட்டும்."

"எவ்ளோ நேரம்மா காத்துகினு இருக்கறது?"

"வர்ற வரைக்கும்."

பெரியப்பா போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கடைசியில் வழி காட்டிக்கொண்டு முன்னால் வந்தது அந்த சேகர்தான். மொபெட்டில், தோளில் மாலையைப் போட்டுக்கொண்டு. விரல்கள் முழுக்க நீலச் சாயம். "எங்க வீட்டு வாசல்ல எறக்கிட்டாங்கம்மா. வேற யார் கையிலயும் குடுத்தனுப்ப மனசு வரல" என்றார். தானே உங்கள் பெட்டிமேல் சார்த்தினார். தன் பேர் எழுதிய பேனரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனசில் என்ன ஓடியிருக்கும்?

தாஸ் அண்ணன் அழவில்லை. பெட்டியின் கண்ணாடியில் கையை வைத்து, "ரைட், சேகரு. போலாம்" என்றார். எத்தனை வருஷமாக நீங்கள் சொல்லி அவர் வண்டியை எடுத்திருப்பார்? அன்றைக்கு அவர் சொன்னார். உங்களை எடுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த சேகரின் மனைவி வந்திருந்தார். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "அவரு எங்கண்ணு முன்னாடிதாம்மா நின்னாரு. அப்பவும் அன்னிக்கு ராத்திரி முழுக்க அவரு மூச்சு வுடறாரான்னு தொட்டுத் தொட்டுப் பாத்தேன். ஒனக்கு எப்டிம்மா இருக்கும்?" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. மரத்துப் போன மாதிரி கீது" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். உங்களுக்காக அழுதாரா, தன் வீட்டுக்காரரை நினைத்து அழுதாரா, எனக்காகவா? கேட்கவில்லை.

போன வாரம் தெருமுனையில் புதுப் பலகை நட்டார்கள். தமிழில் நல்லதண்ணீர்க் கிணற்றுத் தெரு. கீழே இங்கிலீஷில் குட் வாட்டர் வெல் ஸ்ட்ரீட். ஆக, நாலாவது பேரும் வந்துவிட்டது. பலகைக்கு அடியிலேயே நின்றுகொண்டு பார்சல்காரப் பையன் எனக்கு போன் செய்கிறான். "ஆண்ட்டி, மிட்டாய்த் தெரு எங்க இருக்குது?"

தாஸ் அண்ணனும் அவர் வீட்டம்மாவும் தங்கள் ஊர் சந்தவாசலுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "எங்க ஊர்ல எறங்கி எம்பேர் சொன்னா போதும்மா, நாய்கூட வழி காட்டும்" என்கிறார். போகத்தான் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் போன பிறகு நான் பஸ் ஏறவில்லை. பையை மாட்டிக்கொண்டு வேறொருத்தர் வந்து நிற்பார். எங்கே போகணும் என்று கேட்பார். அந்த முகத்தை எப்படி நிமிர்ந்து பார்ப்பேன்?

ஆனாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏறிவிடுகிறேன். சத்தியமாக. ஒரு சந்தவாசல் என்று வாய் திறந்து கேட்டு, சீட்டு வாங்கி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போய்வருகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி,
கஸ்தூரி