அம்மா கொடுத்த நற்சான்று

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் மெய்ப்புப் பார்க்க முடியவில்லை. எங்கள் பதிப்பகத்தில் ஒருவர் மூலப்பிரதியை உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுத்தாளில் சரிபார்ப்போம். என் முறை வந்து நாலு வரி படித்ததும் இடது கன்னத்துக்குள் மின்சாரம் பாய்ந்தது. எதிர்மேஜைக்காரி ஒன்றும் கேட்காமல் தாளை வாங்கி அவளே படித்தாள்.

நரம்பு மருத்துவர் மாதிரிக்குக் கொடுத்த புது மாத்திரை தீர்ந்துவிட்டது. அது இருந்தவரை முழு அத்தியாயம் படித்தேன். என் சம்பளத்துக்கு அது கட்டாது. காப்பீட்டுக்காரர்கள் அனுமதித்தால்தான் உண்டு.

மார்ச் 6, வியாழன்

நிராகரித்துவிட்டார்கள்.

மார்ச் 7, வெள்ளி

காரணம் கேட்கப் போன் செய்தேன். அந்தப் பக்கம் பேசிய பெண் பணிவாகத்தான் சொன்னாள்.

“வீட்டுக்குப் போன் பண்ணி விசாரிச்சோம் மேடம். உங்களுக்கு ஒரு வலியும் இல்ல, தலைவலிக்குக்கூட மாத்திரை போட்டதில்லன்னு உங்க அம்மாதான் சொன்னாங்க.”

அம்மாவா? என் அம்மாவா?

அலுவலக மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மென்றால் வலிக்கும் என்று எனக்காகச் சோற்றைக் குழைய வடிப்பவள். ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். முதலில் புரியாமல் விழித்தாள். பிறகு முகம் வெளுத்துப்போயிற்று.

“ஒருத்தர் மரியாதையாப் பேசினாரு. பொண்ணு உடம்பு எப்படி, மருந்து ஏதும் சாப்பிடுறாளான்னு கேட்டாரு. மாப்பிள்ளை வீடுன்னு நெனச்சேன்டி.”

“கம்பெனி பேரு சொல்லலையாம்மா?”

“சொன்னாரு. மாப்பிள்ளை வேலை பாக்குற கம்பெனின்னு எடுத்துக்கிட்டேன்.”

எனக்குத் தெரியாமல் ஒரு கல்யாணத் தரகரிடம் என் விவரத்தைக் கொடுத்திருக்கிறாள். நான் நன்றாகப் பாடுவேன் என்றும் போனில் பேசிய அந்த மனிதரிடம் சொல்லியிருக்கிறாள். பேசவே முடியாத நான்! சிரிப்பு வந்தது, சிரித்தால் கன்னம் இழுக்கும். அழுதாலும் அதே கதைதான். மரம் மாதிரி நின்றேன்.

மார்ச் 8, சனி

அம்மாவோடு பேசவில்லை. அதற்கு வலி ஒரு நல்ல சாக்கு.

மார்ச் 10, திங்கள்

மருத்துவர் மேல்முறையீடு செய்திருக்கிறார். வியாழனன்று காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர் எங்கள் இருவரிடமும் பேசுவாராம். நான் என்ன சொல்லணும் என்று அம்மா கேட்டாள். உள்ளதைச் சொல்லு என்றேன். வேறென்ன சொல்வது?

மார்ச் 13, வியாழன்

காப்பீட்டு மருத்துவர் போன் செய்தார், ஸ்பீக்கரில் போட்டு இருவரும் பேசினோம்.

அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று சொன்னால் எதை நம்புவது என்று அந்த மருத்துவர் அம்மாவைக் கேட்டார். நியாயமான கேள்வி. அம்மா குரலை உயர்த்தவில்லை.

“அன்னைக்குச் சொன்னது பொய் சார். கல்யாணம் தட்டிப்போயிடுமோன்னு பயம். இவ மூஞ்சியில ஒரு பக்கம் மட்டும்தான் கழுவுவா, இன்னொரு பக்கம் தண்ணி பட்டாலே துடிச்சுப்போயிடுவா. அழுறது எனக்குக் கேக்கக் கூடாதுன்னு குளியலறையில குழாயைத் திறந்துவிட்டுக்குவா. வாளி வழியுற சத்தம் நிக்குற வரைக்கும் நான் வெளியில நின்னுட்டிருப்பேன் சார்.”

நின்றிருக்கிறாள். இவ்வளவு காலமும் கதவுக்கு அந்தப் பக்கம்! யாருக்கும் தெரியாதென்று எத்தனை சாமர்த்தியமாக இருந்தேன். தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, ஏம்மா? நான் கேட்கவிட்டேனா?

எழுதிக்கொண்டேன் என்றார் அந்த மருத்துவர்.

மார்ச் 19, புதன்

அனுமதி கிடைத்துவிட்டது. ஓராண்டுக்கு மட்டும், பிறகு மறுபடி கேட்க வேண்டும். முதல் மாத்திரையை அம்மா எதிரிலேயே போட்டுக்கொண்டேன்.

மாலையில் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குப் போன் வந்தது. எடுத்தாள், கேட்டாள், நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“நீங்க யாரா இருந்தாலும் சரிங்க, எங்கிட்ட ஒரே பதில்தான். என் பொண்ணுக்கு முகத்துல நரம்பு வலி இருக்கு. மருந்து சாப்பிடுறா.”

எந்த வரியில் இருந்தேன் என்பதே மறந்துபோயிற்று.