திருப்பாமல் விட்ட குறி

அன்புள்ள அம்மா,

முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் உன் பேத்தி யாழினி கேட்டுவிடுவாள், அதனால் எழுதுகிறேன்.

வேலை நிரந்தரத்துக்கான தேர்வு ஒரு மதிப்பெண்ணில் போய்விட்டது. −3x < 12 என்று ஒரு கணக்கு. −3 ஆல் வகுத்தவள், குறியைத் திருப்பாமல் x < −4 என்று எழுதிவிட்டேன்.

"மைனஸால வகுத்தா குறி திரும்பும்னு தெரியாதா இன்னா?" என்றார் சூப்பர்வைசர் டில்லிபாபு.

"தெரியும் சார்" என்றேன்.

அறைத்தோழி ஷாரோன்தான் அழுதாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. போய் ஷிப்டை முடித்தேன்.

நிரந்தரமானால்தான் குடும்பத்துக்கு வீடு தருவார்கள். அதனால் ஜூனில் யாழினியை அழைத்துக்கொள்ள முடியாது. நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

அடுத்த வருடம் மறுபடி எழுதலாம். என் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை அனுப்பு. அதை யாழினியின் சட்டை ஒன்றில் சுற்றி அனுப்பு. சட்டையைத் துவைக்க வேண்டாம்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

மணிமொழி