ஆய்வாளர் எழுதிய ‘தொடர்பற்ற பேச்சு’

அனுப்புநர்:
அடைப்புத் துறவு மடத்துச் சகோதரி (அப்பம் சுடும் பணி), வயது 51.

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: என் அண்ணனின் பொய்ப் புகாரை நம்பி மடத்துக்குள் நுழைந்து, என்னை மனநலம் குன்றியவர் என்று அறிக்கை எழுதிய காவல் ஆய்வாளர் மீது நடவடிக்கை கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. மடத்துக்குள்ளேயே இருந்து ஜெபத்தில் வாழும் சபை எங்களுடையது. ஆலயங்களுக்கு நற்கருணை அப்பம் சுட்டுக் கொடுக்கிறோம். கடந்த திங்கட்கிழமை காலை, இரும்புத் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆய்வாளரும் என் அண்ணனும் பூட்ஸ் காலோடு உள்ளே வந்தார்கள். தட்டில் இருந்தது கருகிவிட்டது. அதற்காக நான் புகார் செய்யவில்லை.

2. இருபத்து நான்கு ஆண்டுகளாக என்னை இங்கே அடைத்து வைத்திருப்பதாக அண்ணன் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் அடைபட்டது வாழ்நாளில் ஒரே முறை, அதுவும் மடத்துக்கு வருமுன் எங்கள் வீட்டில். அப்போது மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தேன். கை முறிந்து வந்த இம்மடத்துச் சகோதரி ஒருவர் தம் படத்தை மறந்துவிட்டுப் போனார். அதைக் கொடுக்க வந்தவள், உள்ளே சங்கீதம் பாடுவதைக் கேட்டு ஆலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். கடவுளின் ஒளியும் தெரியவில்லை, குரலும் கேட்கவில்லை. எழுந்து போக மனம் வரவில்லை, அவ்வளவுதான். மூன்று ஆண்டுகள், நாள்தோறும் வேலை முடிந்ததும் இங்கே வந்து போனேன். மடத்தில் சேரப்போவதாக வீட்டில் சொன்ன அன்று, அண்ணன் என்னை மாடி அறையில் தள்ளி வெளியே பூட்டினார். பதினோரு நாள். அம்மாதான் திறந்துவிட்டார். அன்றே புகார் கொடுக்காதது என் பிழை.

3. அம்மா போன மாதம் இறந்தார். என்னை நினைத்து ஏங்கியே செத்தார் என்று புகாரில் இருப்பது பொய். முழங்கால் ஒத்துழைத்தவரை மாதந்தோறும், உறவினரைச் சந்திக்கும் பார்வையறைக்கு வந்து, பக்கத்து வீட்டுச் சண்டைகளைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார். மடத்தலைவியின் அனுமதியோடு இறுதிச் சடங்குக்குப் போனேன். “உனக்கு இங்க யாரும் இல்ல, போ” என்று அண்ணன் வாசலிலேயே மறித்தார். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. வந்தவளை விரட்டியவரே, வரவிடாமல் அடைத்திருக்கிறார்கள் என்கிறார். இதை விசாரிக்க ஆய்வாளருக்கு நேரமில்லை.

4. அண்ணனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே என்னை விசாரித்தார். கடவுள் என்னிடம் பேசுகிறாரா என்று கேட்டார். பெரும்பாலும் இல்லை என்றேன். நடுவில் ஆறு ஆண்டுகள் ஜெபம் சுவரோடு பேசுவதைப் போல இருந்ததையும் மறைக்கவில்லை.

“அப்புறம் ஏன் இருக்கீங்க?” என்றார்.

“அவர் பேசினாத்தான் இருப்பேன்னு சொல்லிட்டு நான் வரல சார்” என்றேன்.

இதைத்தான் ‘தொடர்பற்ற பேச்சு’ என்று எழுதி, வரும் திங்களன்று மனநலப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். முகம் கொடுத்துப் பேசாத கணவனோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தும் பெண்களில் எத்தனை பேரை இவர் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார் என்று அறிய விரும்புகிறேன்.

5. ஆகவே அந்த அறிக்கையை ரத்து செய்து, பெண் அதிகாரி ஒருவர் மூலம், அண்ணன் இல்லாத இடத்தில், என் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டும். பரிசோதனைக்கு நான் வரப்போவதில்லை.

என் அண்ணனுக்கும் ஒன்றைத் தெரிவித்துவிடுங்கள். ஞாயிறுதோறும் மூன்று மணிக்குப் பார்வையறை திறக்கிறது. இருபத்து நான்கு ஆண்டுகளில் அவர் ஒரு முறையும் வந்ததில்லை. வருவதானால் போலீஸ் தேவையில்லை, தனியாக வரச் சொல்லுங்கள்.

இடம்: மடம்
நாள்: 12.03, வியாழன்

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
தன் விருப்பத்தால் இங்கே வாழும் சகோதரி