ஒரு சாண் குறைந்த கூரை

இன்று காலை விருதுநகரில் ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு லாரி சிக்கிக்கொண்டது. மேல் வரிசைப் பெட்டிகள் முட்டி நசுங்கி, முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் நின்றது. ஊரே கூடித் திட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் சிரித்துவிட்டேன். உன் ஞாபகம்தான். நீ போய் மூன்று வருடமாகியும் என்னைப் பொது இடத்தில் மானங்கெட வைக்கிறாய்.

ஐம்பதுகளின் கடைசியில் விஸ்வநத்தத்து ஓடைக்கு மேல் நீ கட்டிய மரப்பாலத்தைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. கல்பாலத்தில் சக்கரத்தின் இரும்புப் பட்டை உரசிப் பொறி பறந்தால் பட்டாசு லோடு என்னாவது என்று பயந்து, கம்பெனி முதலாளி மரத்திலேயே கட்டச் சொன்னார். நடுவழியில் மழை பிடித்தால் வண்டி ஒதுங்க வேண்டுமே என்று தகரக் கூரையும் கேட்டார். மழையே எட்டிப் பார்க்காத ஊரில் பாலத்துக்குக் குடையா என்று டீக்கடையில் ஒரு மாதம் சிரித்தார்கள். உனக்கோ அதுதான் தச்சுத் தொழிலில் கிடைத்த முதல் பெரிய வேலை.

கூரைக்கு உயரம் பார்க்க என் மாட்டுவண்டியை லோடோடு ஓட்டிவரச் சொன்னாய். பங்குனி வெயிலில் யார் ஏற்றி இறக்குவது? காலி வண்டியை ஓட்டி வந்தேன்.

"ஏலே, சீசன் லோடு எம்புட்டு உசரம் வரும்?"

வண்டியில் ஏறி நின்று கையைத் தூக்கினேன். "இம்புட்டு."

"அப்படியே நில்லு. கம்புல குறிச்சுக்கிறேன்."

காதில் செருகியிருந்த பென்சிலை நீ மடியில் தேடினாய், பையில் தேடினாய், மரத்தூளைக் கிளறித் தேடினாய். அதற்குள் எனக்குத் தோள் கடுத்துவிட்டது. முழங்கையைக் கொஞ்சம் மடக்கினேன். நீ குறித்தது அதற்குப் பிறகு.

தீபாவளி ஆர்டரின் முதல் லோடு என் வண்டியில்தான் வந்தது. அன்றைக்கென்று மழையும் வந்தது. பாதி நுழைந்ததும் மேல் வரிசை கூரையில் முட்டிக்கொண்டது. மாடுகள் நனையாமல் சுகமாக நின்றன. பின்னால் பட்டாசு மழையில் நின்றது. ஆட்கள் ஓடிவந்து பெட்டிகளைக் கைமாற்றி இறக்கினார்கள்.

"எந்தக் கூறுகெட்ட பய அளந்தது?" என்று கம்பெனிக் கணக்கப்பிள்ளை குதித்தார்.

நான் மாட்டுக்குப் பின்னால் பதுங்கி, இருக்கன்குடி மாரியம்மனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். "நான்தாங்க. காலி வண்டிய வச்சு அளந்துட்டேன்" என்றாய்.

அந்த வாரமே ஒவ்வொரு தூணுக்கும் அடியில் ஒரு சாண் கட்டை கொடுத்துக் கூரையை உயர்த்தினாய். ஆனால் 'காலிவண்டி ஆசாரி' என்ற பெயர் இறங்கவில்லை. ரெண்டு வருடம் உன்னிடம் யாரும் ஒரு நிலைக்கதவு வேலைகூடக் கொடுக்கவில்லை.

"ஏன்லே என்னையச் சொல்லலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சொன்னா ஒனக்கு லோடு தரமாட்டாக. எனக்குக் கைத்தொழில் இருக்கு. நீ கையவே ஒழுங்காத் தூக்கத் தெரியாத பய."

உன் சாவு வீட்டிலும் "காலிவண்டி போயிட்டாரே" என்றுதான் அழுதார்கள். மாலையோடு நின்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த வெட்கம் என்னை விடவே இல்லை.

இன்று லாரிக்கு முன்னால் நின்று போலீஸ்காரர் கத்தினார். "இந்த உசரத்த அளந்தவன் எவன்யா?"

என் கை மேலே போனது. கூட்டம் சிரித்தது. பெரியவருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று ஒருவர் சோடா வாங்க ஓடினார். போலீஸ்காரர் கையை இறக்கச் சொன்னார். தோள் கடுத்தது.

முழங்கையை மடக்கவில்லை.