வாளிப் பூச்சிகளைக் கொன்றது யார்?

ஆட்டோக்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். ஷீஜா காலண்டர் தாளைக் கிழித்து, நின்றபடியே கணவன் நேசக்குமாருக்கு எழுதினாள்.

"அம்மா வழுக்கி விழுந்துட்டாங்களாம், சாயர்புரம் போறேன். குழம்பு அடுப்பு மேல இருக்கு. வெளிய போனா சாவிய பக்கத்து வீட்ல குடுங்க.

மீன்குஞ்சுக்குத் தீனியா நீங்க வாளிக் கடல்தண்ணியில வளக்குற கோபிபாட் பூச்சி திரும்பவும் செத்துக் கெடக்கு. அதுங்க திங்குற பாசித் தண்ணிய அளவாத்தான் ஊத்துனேன், காத்துக் குமிழியும் மெதுவாத்தான் வச்சேன். பொறவு எப்படிச் சாகும்? ஒண்ணும் புரியல. 'நீதான் கொசு மருந்து அடிச்சிருப்ப'ன்னு நேத்து கத்துனீங்களே, சத்தியமா அடிக்கல. மாடியில ஒரு பாட்டில் பூச்சிதான் மிச்சம். அதும் செத்தா குஞ்செல்லாம் பட்டினி."

பேனாவை மூடியவள், என்னவோ தோன்ற, வாளியில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். கடல் நீரைவிடக் கூடுதலாகக் கரித்ததில் முகம் கோணிப்போனது. தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்.

"ஏங்க, வாளித் தண்ணி வத்த வத்த தினமும் கடல் தண்ணியையே ஊத்துனது யாரு? தண்ணிதான் ஆவியாப் போகும், உப்பு அங்கனயேதான கெடக்கும்! உப்பில்லாத கேன் தண்ணியத்தான ஊத்தணும். உப்பளத்துல உப்பு வெளைய வைக்கது உங்க உத்தியோகம். அதை வீட்டு வாளியிலயும் பாத்திருக்கீங்களே!"