மூடி போட்டு ஓடிய இயந்திரம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், இந்த முறைதான் அதை வாய் நிறையச் சொல்ல முடிகிறது, நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டு இயந்திரம் வலது கையில் இரண்டு விரலைக் கொண்டுபோனதிலிருந்து உங்கப்பா ஒரே பல்லவிதான் பாடிக்கொண்டிருந்தார். பாதுகாப்பு மூடியைக் கம்பி போட்டுத் தூக்கிக் கட்டியது நான்தானே, என் தப்புதான் என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லி, போதாக்குறைக்கு மேலாளரிடமும் சொல்லிவிட்டார், அப்பேர்ப்பட்ட உத்தமர். அங்கே எல்லோருமே அப்படிக் கட்டித்தான் வேலை செய்வார்கள். நஷ்டஈடு கேட்கவே கூசி, கையைக் கால்சட்டைப் பையை விட்டு வெளியே எடுக்காமல் திரிந்தவரை நான்தான் வக்கீலம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். வேலை செய்யும்போது அடிபட்டால், கவனக்குறைவு என்று மட்டும் சொல்லி முதலாளி தப்பிக்க முடியாதாம். ஆனால் வேண்டுமென்றே மூடியை விலக்கினார் என்று அவர்கள் நிரூபித்தால் வழக்கே போய்விடும், அதனால் யாருக்காக விலக்கினார் என்று நாம காட்டணும் என்றார்.

நேற்று விசாரணை அதிகாரி ஆலைக்கே வந்தார். மூடியை இறக்கிவிட்டு இயந்திரத்தை ஓட்டச் சொல்லுங்கள் என்று கேட்டார் வக்கீலம்மா, வேறொன்றும் கேட்கவில்லை. கை வேகத்துக்காக எல்லோரும் மின்னல் என்று கூப்பிடும் ஆள்தான் ஓட்டினான். ஒவ்வொரு வெட்டுக்கும் மூடி இறங்கி ஏற, பின்னால் வெட்டாத அட்டை மலையாகக் குவிய, நாங்கள் சும்மா பார்த்துக்கொண்டே நின்றோம். மேலாளருக்குப் பொறுக்கவில்லை, பழக்கதோஷம், டேய் அந்த மூடியத் தூக்கிக் கட்டுடா என்று கத்திவிட்டார்! அவ்வளவுதான். அதிகாரி எழுதிக்கொண்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது மகனே, ஆள் உயர இரும்பு அதன்பாட்டுக்கு ஓடி ஒரு மனுஷனுக்காகச் சாட்சி சொன்னதை இந்தக் கண்ணால் பார்த்தேன். உங்கப்பா மெதுவாகக் கையைப் பையிலிருந்து எடுத்து எல்லோர் முன்னாலும் அதிகாரி எழுதிய மேஜைமேல் வைத்தார். நான் அழுதுவிட்டேன். உத்தரவு இன்னும் வரவில்லை, நம் பக்கம்தான் வரும் என்கிறார் வக்கீலம்மா.

நீயும் மர அறுவை ஆலையில் நிற்கிறாய். யார் அவசரப்படுத்தினாலும் ரம்பத்து மூடியைத் தொடாதே. சின்னக் காயமானாலும் அன்றைக்கே எழுதிக் கொடு, மருத்துவர் சீட்டைப் பத்திரமாக வை, படிக்காமல் கையெழுத்துப் போடாதே, பெருந்தன்மையாக என் தப்பு என்று வாயை விடாதே, வீட்டுக்கு ஒருவர் போதும்.

பத்து விரலோடு நூறு வயது நன்றாயிரு. உறையைக் கிழித்து எறிந்துவிடாதே, மேலே உன் முகவரியை எழுதியது உங்கப்பா, அந்தக் கையாலேயே. கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா